எஸ் அண்ட் சி முதுநிலைப் படிப்பு: தயாரிப்பிலிருந்து முதல் வேலை வரை

விளையாட்டு வீரர்களின் வலிமையையும் வேகத்தையும் தாங்குதிறனையும் வளர்ப்பது, சீசன் முழுக்க அவர்களைக் காயமில்லாமல் களத்தில் வைத்திருப்பது, இந்த இரண்டும் ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங் கோச்சின் வேலை. துறையில் இருப்பவர்கள் இதைச் சுருக்கி எஸ் அண்ட் சி என்பார்கள். இதில் முதுநிலைப் பட்டம் படிக்க நினைப்பவர்கள் எடுத்தவுடன் கேட்பது, எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்பதுதான். அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. அங்கே சேர்ந்தால், அனுபவமுள்ள ஒரு கோச் பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்த, நான் எத்தனை மணி நேரம் நிஜமான வீரர்களுக்குப் பயிற்சி கொடுப்பேன்? இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத படிப்பு, எவ்வளவு பெரிய பெயருடையதாக இருந்தாலும், கோச் ஆக விரும்புகிறவருக்குப் பாதிப் படிப்புதான்.

முதலில் உங்கள் பாதையை முடிவு செய்யுங்கள்

ஒரே பட்டம் மூன்று விதமான வேலைகளுக்கு இட்டுச் செல்லும். ஜிம்மிலும் மைதானத்திலும் நின்று பயிற்சி கொடுக்கும் கோச் ஒருவர். ஜிபிஎஸ் தரவு, குதிப்புச் சோதனை, பயிற்சிச் சுமைக் கணக்கு ஆகியவற்றைப் பார்த்து அணிக்கு ஆலோசனை சொல்லும் ஸ்போர்ட்ஸ் சயின்டிஸ்ட் இன்னொருவர். முனைவர் பட்டம் வரை போய்ப் பாடம் நடத்தி ஆய்வு செய்பவர் மூன்றாமவர். சிறிய கிளப்புகளில் முதல் இரண்டையும் ஒருவரே பார்ப்பார். ஆனாலும் எது உங்களை அதிகம் இழுக்கிறது என்று தெரிந்துகொண்டு விண்ணப்பிப்பது நல்லது. ஆய்வை மையமாக வைத்த படிப்பில் கோச் ஆக விரும்புபவர் சேர்ந்தால், ஆண்டு முழுக்க ஆய்வகத்திலும் கணினி முன்னாலும் போய்விடும்.

உங்கள் இளநிலைப் பட்டம் எதில் என்பதும் முக்கியம். உடற்கல்வியும் விளையாட்டு அறிவியலும் படித்தவர்களுக்கு நேர்வழி இருக்கிறது. பிசியோதெரபி படித்தவர்களுக்குக் காயத்தின் பக்கம் நன்றாகத் தெரியும். அதிக எடையை ஏற்றிப் பழக்குவதிலும் ஸ்பிரிண்ட் கற்றுக்கொடுப்பதிலும்தான் பெரும்பாலும் இடைவெளி இருக்கும். பொறியியல் மாதிரி முற்றிலும் வேறு துறையிலிருந்து வருபவர்களைச் சில பல்கலைக்கழகங்கள் கோச்சிங் அனுபவம் இருந்தால் எடுத்துக்கொள்கின்றன. சில, உடலியங்கியலில் முன்தகுதிப் பாடங்கள் கேட்கின்றன. விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சேர்வதற்கு முந்தைய ஆண்டு

இந்த ஓராண்டைச் சரியாகப் பயன்படுத்தியவர்களுக்கும் பயன்படுத்தாதவர்களுக்கும் முதல் செமஸ்டரிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

படிக்க வேண்டியவற்றில் முதலாவது நரம்பு-தசை உடலியங்கியல். புதிதாக எடை தூக்கத் தொடங்கிய ஒருவர் முதல் சில வாரங்களில் வேகமாக வலிமை பெறுகிறார், ஆனால் தசை அளவு பெரிதாக மாறுவதில்லை. ஏன்? மூளையும் தண்டுவடமும் இருக்கிற தசையை இன்னும் நன்றாக இயக்கக் கற்றுக்கொள்வதுதான் அந்தத் தொடக்க வளர்ச்சிக்கு முக்கியக் காரணம். மோரிடானியும் டிவ்ரீஸும் 1979-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு நரம்பணுவும் அது இயக்கும் தசை நார்களும் சேர்ந்தது ஒரு மோட்டார் யூனிட்; சிறிய மோட்டார் யூனிட்டுகள் முதலில் இயங்கும், பெரியவை பிறகு சேரும் என்ற ஹென்னமனின் அளவுக் கோட்பாட்டையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். கனமான எடையும், இலகுவான எடையை முழு வேகத்தில் நகர்த்துவதும் ஏன் பெரிய மோட்டார் யூனிட்டுகளை எழுப்புகின்றன என்பது அப்போது விளங்கும்.

இரண்டாவது இயக்கவியல். தசை எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறதோ அவ்வளவு குறைவான விசையைத்தான் தர முடியும் என்பதை ஏ.வி. ஹில் 1938-ல் சமன்பாடாக எழுதினார். குண்டு எறிபவருக்கும் பேட்மின்டன் வீரருக்கும் ஏன் ஒரே எடைத் திட்டம் போட முடியாது என்பதற்கான விடை அந்தச் சமன்பாடு தரும் வளைகோட்டில் இருக்கிறது. நியூட்டனின் விதிகள், உந்தம், கணத்தாக்கு, திருப்புத்திறன் ஆகியவற்றைப் பள்ளிப் புத்தகத்திலிருந்தே மீண்டும் படித்தால் போதும்.

மூன்றாவது புள்ளியியல். பலரும் தள்ளிப்போடுவது இதைத்தான், ஆய்வேடு எழுதும்போது தவிப்பதும் இதனால்தான். சராசரி, திட்ட விலக்கம், நம்பிக்கை இடைவெளி, வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று சொல்லும் எஃபெக்ட் சைஸ் ஆகிய நான்கும் கைவந்தால் நல்ல தொடக்கம். ஜமோவி, ஜாஸ்ப் என்ற இரண்டு புள்ளியியல் மென்பொருள்களும் இலவசம். எக்செல் ஏற்கெனவே தெரியும் என்றால் ஒரு மாதத்தில் பழகிவிடலாம்.

இனி, புத்தகத்துக்கு வெளியே செய்ய வேண்டியது. உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் ஒரு பள்ளி அணியிடமோ கிளப்பிடமோ போய், வார்ம்-அப் நடத்த உதவட்டுமா என்று கேளுங்கள். முதலில் கூம்பு வைக்கச் சொல்வார்கள், பிளேட் அடுக்கச் சொல்வார்கள். செய்யுங்கள். அங்கே நின்றுகொண்டு, தலைமைக் கோச் என்ன சொல்கிறார், அதைக் கேட்டபின் வீரரின் அசைவு மாறுகிறதா என்று பாருங்கள். 'முழங்காலை நீட்டு' என்று உடம்பைப் பற்றிச் சொல்வதைவிட, 'தரையைத் தள்ளு' என்று வெளியே இருக்கும் ஒன்றின் மேல் கவனத்தைத் திருப்புவது பெரும்பாலும் நன்றாக வேலை செய்கிறது என்று காப்ரியேல் வுல்ஃப் உள்ளிட்டோரின் ஆய்வுகள் காட்டுகின்றன. இதைப் படித்துத் தெரிந்துகொள்வதும், பதினைந்து சிறுவர்கள் ஒரே நேரத்தில் குதித்துக்கொண்டிருக்கும்போது சரியான சொல்லை எடுத்து விடுவதும் வேறு வேறு திறமைகள்.

கூடவே ஒரு பயிற்சிக் குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். என்ன திட்டமிட்டோம், உண்மையில் என்ன நடந்தது, எதை ஏன் மாற்றினோம் என்று மூன்றே வரி. பிற்பாடு விண்ணப்பக் கடிதத்துக்கும் நேர்காணலுக்கும் இதைவிட நல்ல மூலப்பொருள் கிடைக்காது.

நீங்களும் தூக்கப் பழக வேண்டும். யாரும் உங்களிடம் சாதனை எடை கேட்கப் போவதில்லை. ஆனால் ஸ்குவாட், டெட்லிஃப்ட், ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க், குதித்து இறங்குவது, வேகமாக ஓடி நிற்பது ஆகியவற்றைச் சுத்தமாகச் செய்துகாட்டத் தெரிய வேண்டும். பளுதூக்கும் கோச் ஒருவரிடம் சில மாதம் பழகுவது, எத்தனை வீடியோ பார்த்தாலும் கிடைக்காத திருத்தத்தைத் தரும்.

படிப்பைத் தேர்ந்தெடுப்பது

ஆஸ்திரேலியாவின் எடித் கோவன், லண்டனில் இருக்கும் செயின்ட் மேரிஸ், மிடில்செக்ஸ், ஸ்காட்லாந்தின் எடின்பரோ போன்றவை இந்தத் துறையில் நன்கு அறியப்பட்டவை. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களில் இது கைனீசியாலஜி அல்லது எக்சர்சைஸ் சயின்ஸ் என்ற பெயருக்குள் ஒரு பிரிவாக இருக்கும். அதனால் தேடும்போது பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள்; பாடப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

கால அளவிலும் வேறுபாடு உண்டு. பிரிட்டனில் முழுநேர முதுநிலைப் பட்டம் பொதுவாக ஓராண்டு, 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்பது அங்குள்ள கணக்கு. ஆக மொத்தம் 1800 மணி நேரம். அதில் ஆய்வேடு மட்டுமே பெரும்பாலும் 60 கிரெடிட், அதாவது 600 மணி நேரம். இந்த 1800-க்குள் வகுப்பறையில் ஆசிரியர் முன்னால் உட்காரும் நேரம் மிகச் சிறியது. பெரும்பகுதி நீங்களே படிப்பது, எழுதுவது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இரண்டாண்டுப் படிப்புகள் அதிகம். ஓராண்டில் முடிப்பது செலவுக்கு நல்லது. ஆனால் ஒரு அணியோடு முழு சீசன் இருந்து பார்க்க நினைத்தால், இரண்டாண்டோ பகுதிநேரமோதான் வசதி.

துறைத் தலைவருக்கு எழுதும் மின்னஞ்சலில் இவற்றைக் கேளுங்கள்: மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி நேரம் கட்டாயமா, எத்தனை மணி? அந்த இடத்தைப் பல்கலைக்கழகமே ஏற்பாடு செய்கிறதா, மாணவரே தேடிக்கொள்ள வேண்டுமா? ஆசிரியர்களில் இப்போதும் வீரர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் யார்? கால் தரையைத் தள்ளும் விசையை அளக்கும் ஃபோர்ஸ் பிளேட் மாதிரிக் கருவிகளை முதுநிலை மாணவர்கள் தாங்களே இயக்க விடுவார்களா? சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

இரண்டாவது கேள்விக்கான பதிலைக் கூர்ந்து படியுங்கள். புகழ்பெற்ற கிளப்புகளின் சின்னங்கள் இணையப் பக்கத்தில் வரிசையாக இருக்கும். அந்த இடங்கள் ஆண்டுக்கு ஓரிருவருக்குத்தான் கிடைக்கும், அதுவும் போட்டியிட்டு. புது ஊரில், யாரையும் தெரியாத நிலையில், நீங்களே அணியைத் தேட வேண்டியிருந்தால் முதல் பருவம் அதிலேயே கரைந்துவிடும். முடிந்தால் அங்கே படித்து முடித்த ஒருவரிடம் நேரடியாகப் பேசிவிடுங்கள். துறை தரும் பதிலைவிட அவர் சொல்வது பல நேரம் தெளிவாக இருக்கும்.

இணையவழிப் படிப்புகளைப் பற்றிப் பலர் தயங்குகிறார்கள். ஏற்கெனவே ஒரு அணியில் வேலை பார்ப்பவருக்கு அதுதான் நல்லது என்பேன்: காலையில் படித்ததை மாலையில் களத்தில் போட்டுப் பார்க்கலாம். கையில் அணி இல்லாதவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விண்ணப்பம்

இளநிலை மதிப்பெண் பட்டியல், இரண்டு பரிந்துரைக் கடிதங்கள், நோக்க உரை, தேவைப்பட்டால் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண். பரிந்துரைகளில் ஒன்று பேராசிரியருடையதாகவும், மற்றொன்று உங்களைக் களத்தில் பார்த்த கோச்சினுடையதாகவும் இருக்கட்டும். நோக்க உரையில் 'சிறு வயதிலிருந்தே விளையாட்டில் ஆர்வம்' என்று தொடங்க வேண்டாம். விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் அந்த ஆர்வம் உண்டு. குறிப்பேட்டிலிருந்து ஒரு நிகழ்வை எடுங்கள். எந்த வயது அணி, என்ன பிரச்சினை, என்ன செய்தீர்கள், அதில் விடை தெரியாமல் நின்ற கேள்வி எது என்று எழுதுங்கள். அந்தக் கேள்விதான் உங்களைச் சேர்த்துக்கொள்வதற்கான காரணம்.

பட்டம் வேறு, சான்றிதழ் வேறு

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. பட்டம் உங்களுக்கு அறிவைத் தருகிறது; பல அணிகள் வேலைக்கு எடுக்கும்போது தொழில்முறைச் சான்றிதழையும் கேட்கின்றன. அமெரிக்காவில் 1978-ல் தொடங்கிய எஸ் அண்ட் சி சங்கமான என்எஸ்சிஏ தரும் சிஎஸ்சிஎஸ் என்ற சான்றிதழ் உலகம் முழுக்க அறியப்பட்டது. அதன் தேர்வு இரண்டு பகுதி: அறிவியல் அடிப்படைகள் பகுதியில் மதிப்பெண்ணுக்குரிய 80 கேள்விகள், செய்முறைப் பகுதியில் 110. இளநிலைப் பட்டமும், இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் சிபிஆர், மின்னதிர்வு கொடுக்கும் ஏஇடி கருவி ஆகியவற்றில் செல்லுபடியாகும் சான்றிதழும் வேண்டும். 2030 முதல் அங்கீகாரம் பெற்ற எஸ் அண்ட் சி படிப்பிலிருந்து வந்த பட்டம் வேண்டும் என்று என்எஸ்சிஏ அறிவித்திருக்கிறது. ஆகவே இப்போது சேரப்போகிறவர்கள், தங்கள் படிப்பு அந்த அங்கீகாரத்துக்குள் வருமா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

பிரிட்டனின் எஸ் அண்ட் சி சங்கமான யுகேஎஸ்சிஏ வேறு வழியில் போகிறது. அங்கே அறிவுத் தேர்வோடு, மதிப்பீட்டாளர் முன்னால் பளுதூக்கும் அசைவுகளையும், குதிப்பு, வேகம், திசைமாற்றப் பயிற்சிகளையும் கற்பித்துக் காட்ட வேண்டும். ஒரு வீரருக்கு நீங்கள் போட்ட திட்டத்தை விளக்கி வாதிடவும் வேண்டும். ஆஸ்திரேலியாவில் அந்த நாட்டுச் சங்கமான ஏஎஸ்சிஏ படிநிலைகளாகத் தகுதி தருகிறது. அமெரிக்கக் கல்லூரி அணிகளின் எஸ் அண்ட் சி கோச்சுகளுக்கான சங்கம் சிஎஸ்சிசிஏ, 640 மணி நேர நேரடிப் பயிற்சியைக் கேட்கிறது. எந்த நாட்டில் வேலை பார்க்க நினைக்கிறீர்களோ, அந்த நாட்டின் சான்றிதழிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்.

வகுப்பு தொடங்கிய பின்: அளக்கக் கற்றுக்கொள்வது

முதுநிலைப் படிப்பு தரும் பெரிய மாற்றம் இதுதான் என்று நம்புகிறேன்: ஒரு எண்ணைப் பார்த்தவுடன் 'இது எப்படி வந்தது?' என்று கேட்கும் பழக்கம்.

ஒரு உதாரணம். வீரர் எவ்வளவு உயரம் குதித்தார் என்பதைக் காற்றில் இருந்த நேரத்தை வைத்துக் கணக்கிடுவார்கள்: புவியீர்ப்பு முடுக்கத்தை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கி எட்டால் வகுக்க வேண்டும். 0.50 விநாடி காற்றில் இருந்தால் ஏறத்தாழ 30.7 சென்டிமீட்டர். அதே வீரர் இறங்கும்போது முழங்காலை மடக்கிக்கொண்டார் என்று வையுங்கள். கால் தரையைத் தொடுவது தள்ளிப்போய் நேரம் 0.54 ஆகிறது. கருவி 35.8 என்று காட்டும். வலிமை துளியும் கூடவில்லை, ஐந்து சென்டிமீட்டர் 'முன்னேற்றம்' வந்துவிட்டது. ஃபோர்ஸ் பிளேட்டில் கணத்தாக்கை வைத்துக் கணக்கிட்டால் இந்தப் பிழை வராது. ஆனால் அங்கேயும் குதிப்பதற்கு முன் வீரர் அசையாமல் நின்று உடல் எடை சரியாகப் பதிவாகியிருக்க வேண்டும். குதிக்கும் முன் 'அசையாமல் நில்' என்று சொல்லத் தவறும் கோச்சுக்கு, விலை உயர்ந்த கருவியும் தவறான எண்ணைத்தான் தரும்.

பயிற்சிச் சுமையை அளக்க எப்போதும் கருவி தேவை என்றும் இல்லை. பயிற்சி முடிந்து சுமார் அரை மணி நேரம் கழித்து, எவ்வளவு கடினமாக இருந்தது என்று வீரரிடம் பத்துக்கு மதிப்பெண் கேட்டு, அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்கும் முறையைக் கார்ல் ஃபாஸ்டர் பரவலாக்கினார். 90 நிமிடப் பயிற்சிக்கு 6 என்றால் 540. வாரக்கணக்கில் தொடர்ந்து எழுதிவந்தால், யாருக்குச் சுமை திடீரென்று ஏறுகிறது என்பது தெரியும். பணமில்லாத அணியிலும் இன்றைக்கே தொடங்கக்கூடியது இது.

ஆய்வேட்டுத் தலைப்பு

எட்டு வாரம் ஒரு குழுவுக்குப் புதுப் பயிற்சி, இன்னொரு குழுவுக்குப் பழைய பயிற்சி, இறுதியில் ஒப்பீடு: பெரும்பாலானோர் கொண்டுவரும் திட்டம் இது. நான் வேண்டாம் என்பேன். சீசன் நடுவில் எந்தத் தலைமைக் கோச்சும் பாதி அணியை உங்களிடம் ஒப்படைக்க மாட்டார். இருபது பேரில் நான்கு பேருக்குக் காயம், மூன்று பேர் வெளியூர்ப் போட்டிக்குப் போய்விட்டார்கள் என்றால் முடிவு சொல்ல ஆளில்லை.

அதற்குப் பதில், அணி ஏற்கெனவே செய்யும் சோதனை எவ்வளவு நம்பகமானது என்று பாருங்கள். ஒரே வீரர்களைச் சில நாள் இடைவெளியில் இருமுறை சோதியுங்கள். இரு அளவீடுகளின் வித்தியாசங்களுக்குத் திட்ட விலக்கம் கண்டு, இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் அளவீட்டுப் பிழை கிடைக்கும். அந்தப் பிழை 1.5 சென்டிமீட்டர் என்று வந்தால், ஒருவர் 1 சென்டிமீட்டர் கூடுதலாகக் குதித்ததை வைத்து யாரும் கைதட்ட வேண்டியதில்லை. ஆய்வு எளியது, சரியான நேரத்தில் முடியும், அணிக்கும் நாளையே பயன்படும்.

மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த ஆய்வுக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட வீரர்கள் என்றால் பெற்றோரின் ஒப்புதல், அந்தப் பிள்ளையின் சம்மதம் இரண்டும் வேண்டும். இந்த அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் தலைப்பை முதல் பருவத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

எல்லையும் பொறுப்பும்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. ஓய்வுக்குப் பின் திரும்பி வரும் வீரர்களை முதல் நாளே வாட்டி எடுப்பதால் தசைச் சிதைவும் வெப்பத்தாக்கமும் வந்து, இளம் வீரர்கள் இறந்தே போயிருக்கிறார்கள். தண்டனையாக ஓட வைப்பதும் இந்த ஆபத்தில் சேரும். சிஎஸ்சிசிஏவும் என்எஸ்சிஏவும் 2019-ல் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரை, இப்படிப்பட்ட இடைக்காலத்தில் பயிற்சி அளவை வழக்கமான உச்ச அளவைவிட முதல் வாரம் 50 சதவீதமும், அடுத்தடுத்த வாரங்களில் 30, 20, 10 சதவீதமும் குறைவாக வைத்து, படிப்படியாக ஏற்றச் சொல்கிறது. மாணவராக இருக்கும்போதே, உங்கள் ஜிம்மில் அவசரநிலைத் திட்டம் எழுத்தில் இருக்கிறதா, ஏஇடி கருவி எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காயத்தைக் கண்டறிவது, மருந்து சொல்வது உங்கள் வேலை இல்லை. மருத்துவருக்கோ பிசியோவுக்கோ அனுப்புங்கள். சப்ளிமென்ட் பற்றிக் கேட்டால், ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்பட்ட வீரர் உடம்புக்குள் போகும் எதற்கும் தானே பொறுப்பு என்பதை நினைவூட்டி, அணி மருத்துவரிடம் அனுப்புங்கள்.

முதல் வேலை

பெரும்பாலும் இளையோர் அணியிலோ அகாடமியிலோ தொடங்கும். விடியற்காலை ஒரு அமர்வு, மாலை ஒரு அமர்வு, வார இறுதியில் போட்டி. ஒப்பந்தங்கள் ஓராண்டுக்கோ ஒரு சீசனுக்கோதான் இருக்கும்; தலைமைக் கோச் மாறினால் உங்கள் இடமும் ஆட்டம் காணலாம். குடும்பத்தாரிடம் இதை முன்பே பேசிவிடுவது நல்லது.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நான்கு பொருள்களைக் கையில் வையுங்கள்: ஒரு முழு சீசனுக்கு நீங்கள் போட்ட திட்டம், தலைமைக் கோச்சுக்குப் புரியும்படி ஒரே பக்கத்தில் எழுதிய சோதனை அறிக்கை, நீங்கள் ஒரு குழுவுக்குப் பயிற்சி கொடுக்கும் திருத்தப்படாத வீடியோ, ஆய்வேட்டின் சுருக்கம். வீரர்களின் பெயரையும் முகத்தையும் அனுமதியில்லாமல் காட்டக் கூடாது. நேர்காணலில் பெரும்பாலும் ஒரு குழுவைக் கையில் கொடுத்து, இருபது நிமிடம் நடத்துங்கள் என்பார்கள்.

சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் வந்தால், மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அதில் நீங்களே பயிற்சி கொடுப்பது எவ்வளவு, உங்களைப் பார்த்துத் திருத்தப்போகிறவர் யார். பதில் வராவிட்டால், அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடம் தேடுங்கள்.